புத்தாண்டும் 'அந்த நாளு'ம்

ஏற்காட்டு மலையில், வெள்ளக்கடையில், காப்பித் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் 'அந்த நாள்' படத்தை வானளாவப் புகழ்ந்துகொண்டிருந்தேன். ஏவி.எம். தயாரிப்பு, டைரக்ஷன் வீணை எஸ். பாலசந்தர். பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்டதற்கு மறுநாள் ஒரு ரேடியோ என்ஜினீயர் சுடப்பட்டு விழுகிறான். அவனாக வரும் சிவாஜி கணேசன் படம் தொடங்கிய உடனே பிணம்! அப்புறம் ஆளுக்கொரு விதமாகச் சொல்லுகிற கதைதான் மிச்சம். குரோசவாவின் 'ரஷோமான்' பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புரியும். கொன்றது யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை.

படம் வசூலில் தோற்றது. "ஜனங்களுக்கு ரசனை போதவில்லை" என்றேன்.

பெரியவர் சிரித்தார். "அந்தப் படத்துக்கு எங்கப்பா எங்களைச் சேலத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனாருங்க. எனக்கு எட்டு வயசு. பாட்டு எப்ப வரும், பாட்டு எப்ப வரும்னு தங்கச்சி கேட்டுக்கிட்டே இருந்தா. படமே முடிஞ்சுபோச்சு. எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு படந்தானுங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

படம் வெளிவந்தது 1954 ஏப்ரல் 13. தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி. பண்டிகைக்குக் குடும்பத்தோடு, மலையிறங்கி, காசை எண்ணிக் கொடுத்து வருகிறவன் விருந்துக்கு வருகிறான். இலையில் ஒரே ஒரு பண்டத்தை வைத்தால், அது எத்தனை உசத்தியானாலும், அவன் கோபிக்கத்தான் செய்வான். அது ரசனைக் குறைவல்ல.

பட முதலாளியின் கட்சியும் எனக்குத் தெரியும். பண்டிகையில்தான் கொட்டகை நிறையும். புதுமைக்கென்று பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்த்துக் காத்திருந்தால் படம் பெட்டியிலேயே கிடக்கும். வாஸ்தவம். ஆனால் வாசலிலேயே, "இதில் பாட்டுக் கிடையாது" என்று கொட்டை எழுத்தில் சொல்லிவிடலாமே! அப்படிச் சொன்ன பிறகும் உள்ளே வருகிறவன்தான் அந்தப் படத்துக்குரிய ரசிகன். தீபாவளி மலரில் விசித்திரமான கதை எழுதிவிட்டு வாசகரை வைகிற என்னைப் போன்றவர்களுக்கும் இது பொருந்தும்.

'அந்த நாள்' பிறகு தேசிய விருதுகளில் நற்சான்றிதழ் பெற்றது. பெரியவரும் சென்ற வருஷம் பேரனுடைய செல்போனில், ராத்திரி தனியாக, மறுபடி பார்த்தாராம்.

"எப்படி இருந்தது?"

"பிரமாதமுங்க. பாட்டு வெச்சிருந்தா கெட்டுப்போயிருக்கும்." சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "எங்கப்பாவுக்குத்தான் அந்தக் காசு போனது போனதுதானுங்க."