வெள்ளிக்கிழமைப் பாட்டு: வளர்த்ததும் வளர்க்காமல் விட்டதும்

மலாக்காவில் தோட்டத்துக் கோயில் என்று ஒன்று இருந்தால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே பாட்டு இருக்கும். விளக்கேற்றியதும் பிள்ளையார் பாட்டு, அடுத்து முருகன், அம்மன், கடைசியில் மங்களம். இடையில் ஒருவர் எழுந்து கால் மணி நேரமோ அரை மணி நேரமோ பேசுவார். பிறகு தீபாராதனை, சுண்டல், வீடு. தோட்டங்களில் ஆள் குறைந்து, ஜனங்கள் செங், டுரியான் துங்கால், புக்கிட் கட்டில் பக்கத்துத் தாமான்களுக்குக் குடிபோன பிறகு, இதே வழக்கம் பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமைத் தேவார வகுப்பாக உருமாறியிருக்கிறது. நாள் மாறினாலும் நோக்கம் அதேதான். வாரத்தில் ஒருமுறை பாட வேண்டும், நல்லதைக் கேட்க வேண்டும், தன்னைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் பாட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. கேட்பது அளவு மீறிப்போய்விட்டது. திரும்பிப் பார்ப்பதற்கு நேரமே ஒதுக்கப்படுவதில்லை. இந்த வழக்கத்தின் மேல் எனக்குள்ள பற்றும் மனக்குறையும் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

இந்த வழக்கம் தோட்டங்களோடு வந்தது. மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896-இல் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுதான் என்பார்கள். அடுத்து அவர் கை வைத்த இடம் புக்கிட் அசஹான். பிறகு ஜாசின், அலோர் காஜா வட்டாரமெங்கும் தோட்டங்கள் பெருக, கங்காணிகளின் வழியே தமிழர்கள் வந்து இறங்கினார்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, மரம் சீவுதல், பால் எடுத்து ஸ்டோரில் சேர்த்தல், மறுநாளும் அதுவே. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஒரு பெயராக மட்டும் இருந்த மனிதருக்கு வெள்ளிக்கிழமை மாலைதான் சொந்தக் குரல் கிடைத்த நேரம். முதலடி எடுத்துக் கொடுக்க நல்ல குரல் போதும், படிப்பு வேண்டியதில்லை. பகலெல்லாம் மண்டோருக்குப் பதில் சொல்லாத ஒரு பெண் அங்கே பாட, லயத்துச் சனம் முழுவதும் பின்னால் வாங்கிப் பாடியது. சாதி பார்த்து நிர்வாகம் நடந்த கோயில்களும் உண்டு. அந்தக் கசப்பை மறைத்துவிட்டுப் பெருமை பேச நான் விரும்பவில்லை. என்றாலும், எழுத்தறியாத ஒரு தலைமுறை நூற்றுக்கணக்கான பாட்டுகளை நெஞ்சில் வைத்திருந்து பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனது இந்த வாரக் கூட்டத்தால்தான்.

பாட்டு ஒரு பிள்ளையை எப்படி வளர்க்கிறது என்பதைப் பொதுப்படையாகச் சொல்லிவிட்டுப் போக மனமில்லை. ஒரு பதிகத்தையே எடுத்துக்கொள்வோம். சூலைநோயோடு திருவதிகைக்கு வந்த அப்பர் பாடிய முதல் பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்தது. இன்று ஓதுவார்கள் அதை நவரோசு ராகத்தில் பாடுகிறார்கள். நவரோசு மேல் ஸட்ஜத்தைத் தேடிப் போகாத ராகம். கீழ்ப் பஞ்சமத்திலிருந்து நடுப் பஞ்சமம் வரை, தாலாட்டுக்கும் ஏற்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றி வரும். பயிற்சியில்லாத பிள்ளையின் குரலும் அதற்குள் நிற்கும். ஆனால் அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஸ்வரம் பிசகாமல் நிற்பது எளிதல்ல. முதல் வாரம் பிள்ளைகள் கத்துகிறார்கள். மூன்றாம் வாரத்தில் பக்கத்துக் குரல் காதில் விழத் தொடங்குகிறது. இன்னும் சில வாரத்தில், எங்கே மூச்சு வாங்குவது, எங்கே குரலை அடக்குவது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்கிறார்கள். கைப்பேசியில் ஒலிக்கும் சுருதிக்கு ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் குரலைக் கொண்டுவந்து சேர்க்கும் அந்தக் கணத்தில், தன்னைத் தானே கவனிப்பது என்றால் என்ன என்பதை அது உடம்பால் கற்றுக்கொள்கிறது. நல்லொழுக்கச் சொற்பொழிவு எத்தனை கேட்டாலும் இது வராது.

தமிழுக்கும் இதே கதைதான். மலாக்கா மாநிலத்தில் தமிழ்ப்பள்ளிகள் 21. தாமான்களில் வளரும் பிள்ளைகள் பலர் தேசியப் பள்ளிக்கும் சீனப் பள்ளிக்கும் போகிறார்கள். ரோமன் எழுத்தில் அடித்துக் கொடுத்த தாளைப் பார்த்துத்தான் அவர்களில் சிலர் தேவாரம் பாடுகிறார்கள். வாரம் முழுவதும் அவர்கள் வாயில் ழகரமும் றகரமும் சரியாக வந்து போகும் ஒரே இடம் அந்த வகுப்பாக இருக்கலாம். அந்தத் தாளைப் பார்த்து முகம் சுளிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. முதலில் உள்ளே வரட்டும், எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பொருள் தெரியாமல் பாடி என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மலாக்காவிலேயே ஒரு பதில் இருக்கிறது. காஜா பேராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே வீட்டுமொழியாக மலாயை ஏற்றுக்கொண்டவர்கள். தமிழ் அவர்கள் நாவில் தங்கவில்லை. ஆனாலும் ஜாலான் துக்காங் எமாஸில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் அவர்கள் பொறுப்பில் இருக்கிறது. பொங்கலை ஒட்டி முன்னோருக்குப் பர்ச்சு என்னும் படையல் வைக்கும் வழக்கம் விட்டுப்போகவில்லை. ஆக, சொல்லின் பொருள் கைவிட்டுப் போனாலும் ஒரு சமூகம் தன் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியும். இதை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் மொழியை இழந்தது வரலாற்றின் நிர்ப்பந்தம். மொழி இன்னும் கையில் இருக்கும்போதே பொருளை நாமாக ஒதுக்கிவைப்பதற்கு அந்த நியாயம் செல்லாது.

ஒதுக்கிவைப்பது எங்கே நடக்கிறது? பெரும்பாலும் போட்டியில். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழா வட்டாரம், மாநிலம், தேசியம் எனப் படிப்படியாக நடக்கிறது. அதன் நன்மையைக் குறைத்துப் பேசுவது பெரிய அநியாயம். அந்த விழா இல்லையென்றால் இந்த நாட்டில் பல பிள்ளைகளுக்குப் பதிகம் என்ற சொல்லே தெரிந்திருக்காது. மூலைத் தோட்டத்துப் பிள்ளை வேன் ஏறி டவுனுக்கு வந்து, மேடையில் நின்று, ஒலிவாங்கியின் முன்னால் நடுங்காமல் பாடுவது பெரிய காரியம். சிக்கல் விழாவில் இல்லை. வாரந்தோறும் நடக்கும் வகுப்பு அந்த ஒருநாள் மேடைக்கான ஒத்திகையாகச் சுருங்கிப்போகிறது, அதுதான் சிக்கல். ஆண்டு முழுவதும் ஒரே பதிகம். பரிசு கிடைக்க வாய்ப்புள்ள குரல்கள் முன்வரிசையில், மற்றவை பின்னால். போட்டி முடிந்த வாரம் பாதி வகுப்பு காலி. குரலும் மனப்பாடமும் உச்சரிப்பும் மதிப்பெண்ணுக்கு வரும். அந்தப் பாட்டு அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தது என்பதற்கு மதிப்பெண் போட முடியாது. ஆகவே அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இப்படி ஒரு வகுப்பில் நான் உட்கார்ந்திருந்தபோது, மேலே சொன்ன அதே பதிகம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாம் பாட்டில் அப்பர், பூவும் தூபமும் நீரும் வைத்து வழிபட மறந்ததில்லை, தமிழோடு இசை பாட மறந்ததில்லை என்று முறையிடுகிறார். ஒரு பையன் கை தூக்கினான். "டீச்சர், இவரு அதுக்கு முன்னாடி சமணத்துலதானே இருந்தாரு? அப்புறம் எப்படி மறந்ததே இல்லன்னு பாடுறாரு?" ஆசிரியை சிரித்துக்கொண்டே, "அதை அப்புறம் பார்ப்போம் தம்பி, முதல்ல அந்த இழுக்குற இடத்தைச் சரி பண்ணு" என்றார். போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது, அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி உரையாசிரியர்களையே நின்று யோசிக்க வைத்த கேள்வி. தருமசேனர் என்ற பெயரோடு வேறு நெறியில் ஆண்டுகளைக் கழித்துவிட்டு, அக்காள் திலகவதியாரிடம் திரும்பி வந்து நிற்கும் ஒருவர் எந்த உரிமையில் அப்படிச் சொல்கிறார்? விலகியிருந்த காலத்திலும் உள்ளே ஏதோ ஒன்று மறக்காமல் இருந்ததா? அல்லது, வலியில் துடிக்கும் மனிதன் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது அது அவனுக்கு வேறு மாதிரித் தெரிகிறதா? அந்தப் பதிகம் முழுவதுமே ஒரு மனிதன் தன்னைத் தானே விசாரிக்கும் பாட்டு. தெரிந்து செய்தது எது, தெரியாமல் செய்தது எது என்று தடுமாறும் பாட்டு. அதைப் பாடக் கற்றுக்கொண்டே அதிலுள்ள விசாரணையைத் தள்ளிப்போடுவது, வாசல் வரை வந்து திரும்பிப் போவது போலத்தான்.

பேச்சு அந்த வேலையைச் செய்கிறதா என்றால், இல்லை. வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவின் பெரிய குறை, கேட்பவரிடமிருந்து அது எதையும் எதிர்பார்ப்பதில்லை என்பது. நன்றாகப் படிக்க வேண்டும், பெற்றோரை மதிக்க வேண்டும், கெட்ட சகவாசம் கூடாது. எல்லாம் சரியான விஷயங்கள்தான். ஆனால் பேசுபவர் எப்போதும் ஒருவர், கேட்பவர்கள் எப்போதும் மற்றவர்கள். பதினைந்து வயதுக்கு மேல் பையன்கள் ஏன் வருவதில்லை என்று வருந்தும் நிர்வாகங்கள், அவர்களை அங்கே ஒருமுறையாவது பேசவிட்டிருக்கிறோமா என்று யோசிப்பது நல்லது. இங்கே அவர்களுக்கு வாய் இல்லை. உருமி மேளக் குழுவில் அவர்கள் கையில் ஒரு தோல்கருவியாவது இருக்கிறது.

விவாதம் செய்யத் தெரியாத சமூகமல்ல நாம். பெரியார் 1929 இறுதியில் மலாயா வந்தபோது கோயில் வழக்கங்களைப் பற்றி எழுப்பிய கேள்விகள் தோட்டங்கள் வரை எதிரொலித்தன. 1950-களில் தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றத்திலிருந்து கிளைத்த இளைஞர் மணிமன்றங்களில் தோட்டத்துப் பையன்கள் மேடையேறிப் பேசப் பழகினார்கள், எழுதப் பழகினார்கள். என் கணிப்பில் நமக்கு நேர்ந்த இழப்பு இதுதான்: கேள்வி மன்றத்துக்குப் போனது, இசை கோயிலில் தங்கியது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் போதுமான அளவு சந்திக்கவில்லை.

தன்னைத் திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு முறை வகுத்த மனிதர் நமக்குப் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறார். பத்தமடையில் பிறந்த டாக்டர் குப்புசாமி 1913-இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் அருகே தோட்ட மருத்துவமனையில் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1923-இல் இந்தியா திரும்பி, சுவாமி சிவானந்தராகி, 1936-இல் தெய்வநெறிக் கழகத்தைத் தொடங்கினார். கூட்டமாகப் பாடுவதை அவர் எவ்வளவு வலியுறுத்தினாரோ அவ்வளவு வலியுறுத்தினார் ஆன்மிக நாட்குறிப்பையும்: எத்தனை மணிக்கு எழுந்தாய், எவ்வளவு நேரம் கீர்த்தனம், எத்தனை பொய் சொன்னாய் என்று ஒவ்வொருவரும் தமக்குத் தாமே பதில் எழுதிக்கொள்ளும் அட்டவணை. அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்ளின் இதற்கு வெகுகாலம் முன்பே பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியலிட்டு, வாரம் ஒன்றாக எடுத்துக்கொண்டு, தவறிய இடத்தில் புள்ளி வைத்தார். ஆண்டுக்கு நான்கு சுற்று. ஒழுங்கு என்ற பண்பு தமக்குக் கடைசிவரை பிடிபடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

இந்தக் கணக்கு முறையைப் பிள்ளைகளிடம் அப்படியே கொண்டுபோவதை நான் ஏற்கவில்லை. பெற்றவர்களின் உடம்பும் உழைப்பும் செக்ரோலில் கணக்கிடப்பட்ட குடும்பங்களில், பிள்ளையின் மனதுக்கும் ஒரு செக்ரோல் வைப்பது கொடுமை. பொய்யை எண்ணச் சொன்னால் பிள்ளை குற்ற உணர்ச்சியைக் கற்கும், இல்லையென்றால் அட்டவணையிலும் பொய் சொல்லக் கற்கும். ஆனால் அந்த முறையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. பதில் சொல்பவர் நாமே, கேட்பவரும் நாமே, கைதட்ட ஆளில்லை. மேடையும் ஒலிவாங்கியும் பழகிவிட்ட நம் வழக்கத்தில் அருகிப்போனது அதுதான்.

எனவே நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல. சொற்பொழிவைப் பத்து நிமிடத்துக்குக் குறைத்து, மிச்ச நேரத்தை அன்று பாடிய பாட்டுக்கே திருப்பிக் கொடுக்கலாம். பாட்டின் பொருளை எளிய தமிழில் சொல்லிவிட்டு, இந்த வாரம் உங்களுக்கு நடந்த எதை இந்தப் பாட்டு நினைவுபடுத்துகிறது என்று ஒரு கேள்வி கேட்கலாம். சொல்ல விரும்பும் பிள்ளை சொல்லட்டும், விரும்பாதது வீட்டில் எழுதட்டும், அந்தத் தாளை யாரும் வாங்கிப் பார்க்க வேண்டாம். இதற்கு ஆசிரியர் தயாராக வேண்டும் என்பது உண்மை. இந்த வகுப்புகளை நடத்துபவர்கள் பெரும்பாலும் ஊதியமில்லாமல் வரும் பெண்கள். வாரம் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, வீட்டுச் சமையலை முடித்துவிட்டு வருகிறவர்கள். சுருதிப் பெட்டிக்கும் பரிசுக் கோப்பைக்கும் பணம் திரட்டும் நிர்வாகங்கள் இவர்களுக்கு உரைநூல்கள் வாங்கிக் கொடுத்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. தருமபுர ஆதீனம் பன்னிரு திருமுறைகளையும் உரையோடு பதிப்பித்திருக்கிறது. மாநிலத்தில் இரண்டு மூன்று இடங்களில் ஒரு செட் இருந்தாலே ஆசிரியர்கள் சுற்றி வைத்துப் படித்துக்கொள்வார்கள்.

போட்டி நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பாடி முடித்த பிள்ளையிடம் நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும், முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிடாத கேள்வி: இந்தப் பதிகத்தில் உனக்குப் புரியாத இடம் எது? நேரம் போதாது என்பார்கள், பிள்ளை பயந்துவிடும் என்பார்கள். பயப்படும் சில பிள்ளைகள் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கேள்வி வரப்போகிறது என்று தெரிந்தால், வகுப்பில் கை தூக்கும் பையனுக்கு அந்த வாரமே பதில் கிடைக்கும்.