இடுக்கி பிடிக்கும் கை

பயிர் இனப்பெருக்கத் துறையில் மரபணுவை வாசிக்கும் கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன. எனக்கென்னவோ இன்றும் பெரிதாகத் தெரிவது, நெற்கதிரில் கலப்புச் செய்யப் பழகும் மாணவரின் விரல்கள்தான். 1912-இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய கோவையில், வேளாண் பல்கலைக்கழகம் இந்தக் கைவேலையைத் தொடர்ந்து கற்பிக்கிறது.

நெற்பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. ஆகவே பூவை முந்திக்கொள்ள வேண்டும். மறுநாள் விரியப்போகும் பூக்களை மாலையிலேயே தேர்ந்து, உமியின் மேல்பகுதியைச் சாய்வாக நறுக்கி, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுப்பார்கள். ஒன்று உள்ளே தங்கினாலும் தன்மகரந்தச் சேர்க்கைக்கு வழியாகிவிடும். சூல்முடியில் இடுக்கி இடித்தால் பூவே வீண். எவ்வளவு நிதானம் வேண்டும்! பிறகு பட்டர் பேப்பர் உறை, பெற்றோர் பெயரும் தேதியும் எழுதிய அட்டை. காலையில் தந்தை ரகத்தின் மலர்ந்த கதிரை மேலே உதற வேண்டும். தாமதம் கூடாது, நெல் மகரந்தம் சில நிமிடங்களே உயிரோடிருக்கும்.

பிலிப்பைன்ஸில் 1962-இல் பேட்டா என்ற நெட்டை ரகத்தையும் தைவானின் குட்டை ரகம் ஒன்றையும் இப்படிக் கலந்தபோது கிடைத்தவை 130 விதைகள். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து, 1966-இல் ஐ.ஆர்.8 என்ற நெல் ரகம் வெளிவந்தது.

நெல் பூக்கும் பருவத்தில் வேளாண் கல்லூரிப் பக்கம் போனால், அனுமதி கேட்டு, காலை பத்து மணிவாக்கில் வயலோரம் நின்று பாருங்கள்.