‘சேடியின் கதை’ காட்டும் உலகம்

கனடா நாட்டு எழுத்தாளர் மார்கரெற் அற்வுட் 1985இல் வெளியிட்ட ‘சேடியின் கதை’ என்னும் நாவல், கிலியட் என்னும் கற்பனை அரசைச் சித்திரிப்பது. ஆங்கே பெண்ணுக்குச் சொத்தில்லை, எழுத்தில்லை. சேடிக்குச் சொந்தப் பெயருமில்லை. அதிகாரிகளுக்குப் பிள்ளை பெற்றளித்தலே அவள் கடன்.

இது வெறும் மிகையென்பார் உளர். ஆயின், மனித வரலாற்றில் நிகழாத எதனையும் தாம் இதிற் சேர்த்ததில்லை என்பர் ஆசிரியர். உருமேனியாவில் 1966இல் சௌசெஸ்குவின் ஆணை கருக்கலைப்பைப் பெரும்பாலும் தடைசெய்து, மகப்பேற்றை அரசுக்குச் செலுத்தும் கடனாக்கிற்று. 1989இல் அவ்வாட்சி வீழ்ந்த பின்னரே அது நீங்கியது. நாவல் வெளிவந்த பின்னரும், ஆப்கானித்தானத்தில் 2021இல் தலிபான் ஆட்சி மீண்டதும், ஆறாம் வகுப்புக்கு மேற் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கதவு அடைக்கப்பட்டது.

எனினும், நாவலின் கூரிய கண்டனம் அதன் இறுதிப் பகுதியிலேயே உளது. 2195ஆம் ஆண்டில், ஒலிநாடாவிற் பதிந்த அச்சேடியின் வாக்குமூலம் அறிஞர் மாநாடொன்றில் ஆராயப்படுகின்றது. பேராசிரியர் வேடிக்கை பேசுகின்றார், சபை நகைக்கின்றது. அவளுடைய தலைவன் யாவனென நுணுகி ஆராய்பவர், அவள் துயரை எளிதிற் கடந்து செல்கின்றார். இந்நூலைக் கற்பிப்போரும் கற்போரும், அச்சபையில் தமக்கும் ஓர் ஆசனம் இடப்பட்டிருத்தலை உணர்வாராக.