டர்ன்டேபிள் அப்கிரேடு: வரிசையே தப்பு

போன மாதம் முன்னாள் சக ஊழியர் ஒருவர் கூப்பிட்டார். "அண்ணா, நாற்பதாயிரம் ஒதுக்கி வச்சிருக்கேன். டர்ன்டேபிளை மாத்தவா, ஃபோனோ ப்ரீஆம்பை மாத்தவா?"

எதுக்கு மாத்தணும்னு கேட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு வரும்போது 'ச', 'ஸ' எல்லாம் கிழிகிறதாம். முதல் பாட்டில் அப்படி இல்லையாம். தட்டுகள் அவருடைய அப்பா விட்டுப்போனவை, முப்பது முப்பத்தைந்து இருக்கும். பாதி ஹெச்எம்வி கர்நாடக எல்பிகள், மீதி எண்பதுகளின் இளையராஜா, எக்கோ லேபிள். "அப்பா கேட்ட மாதிரி கேக்கணும்ணா, அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்ன அறிகுறியிலேயே பதில் இருக்கிறது. மோட்டாரோ ப்ரீஆம்போ கோளாறு என்றால் முதல் பாட்டிலும் கேட்க வேண்டும். மோட்டாருக்கு முதல் பாட்டு, கடைசிப் பாட்டு என்று ஏதாவது தெரியுமா? தட்டின் விளிம்பிலிருந்து மையத்துக்குப் போகும்போது முக்கியமாக மாறுவது இதுதான்: முள்ளுக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம்.

கணக்கு சின்னது. 33⅓ சுற்றில் தட்டின் வெளி விளிம்பில் (ஆரம் 146 மி.மீ.) பள்ளம் வினாடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது. உள்ளே, 60 மி.மீ. ஆரத்தில், 21 செ.மீ.தான். ஒரு 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை வெளியே 51 மைக்ரான் நீளத்தில் சவுகரியமாகப் படுத்திருக்கிறது. உள்ளே அதே அலையை 21 மைக்ரானில் மடக்கித் திணித்திருக்கிறார்கள். அதாவது ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒவ்வொன்றும் பத்து மைக்ரான் சொச்சம். நண்பருடைய முள் கோனிக்கல். அதன் நுனி ஒரு குட்டி உருண்டை, ஆரம் 15 மைக்ரான். பத்து மைக்ரான் குழிக்குள் முப்பது மைக்ரான் விட்டமுள்ள உருண்டையை இறக்கப் பார்க்கிறோம். அது இறங்காது, மேலாகத் தட்டிக்கொண்டு போகும். அந்தத் தட்டல்தான் 'ஸ' கிழிகிற சத்தம். (பாடகர் எவ்வளவு உரக்கப் பாடினார், அலை எவ்வளவு ஆழம் என்பதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும். போக்கு இதுதான்.)

ஆக, பிரச்சினை முள் நுனியில். ஆனால் இணையத்தில் எங்கே கேட்டாலும் கிடைக்கும் வரிசை வேறு: முதலில் நல்ல டெக், பிறகு டோன் ஆர்ம், பிறகு கார்ட்ரிட்ஜ், பிறகு ப்ரீஆம்ப், நடுவில் மேட், கேபிள், எடைக்கல். இந்த வரிசை எங்கிருந்து வந்தது?

எழுபதுகளின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஐவர் டீஃபன்ப்ரூன் என்பவர் லின் சோண்டெக் எல்பி12 என்ற டர்ன்டேபிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுவரை பெரும்பாலோர் ஸ்பீக்கரில்தான் காசு போட்டார்கள், டர்ன்டேபிள் தட்டைச் சுற்றினால் போதும் என்பது எண்ணம். டீஃபன்ப்ரூன் அதைத் தலைகீழாகத் திருப்பினார். மூலத்தில் தொலைந்ததை ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் திருப்பித் தர முடியாது, எனவே முதல் காசு டர்ன்டேபிளுக்கு என்றார். தர்க்கம் சரியானது. அந்தக் காலத்து ஐட்லர் வீல் டெக்குகள் மோட்டார் உறுமலை நேரே முள்ளுக்கு அனுப்பின, அதனால் நடைமுறையிலும் சரியாக இருந்தது.

தப்பு எங்கே என்றால், மூலம் என்று டெக்கைச் சொல்லிவிட்டு முள்ளை மூன்றாம் இடத்தில் வைத்ததில். இன்று அந்த வாதத்தை அப்படியே நடத்திப் பாருங்கள். ஒரு சாதாரண டெக்கில் முதலில் தகவல் தொலையும் இடம் எது? வைரமும் பிளாஸ்டிக்கும் தொடுகிற இடம். டீஃபன்ப்ரூனின் விதியை நேர்மையாகப் பின்பற்றினால் முதல் காசு அங்கேதான் போக வேண்டும். ஐம்பது வருஷமாக விதியை மனப்பாடம் செய்துவிட்டு, அதை எதற்குச் சொன்னார் என்பதை விட்டுவிட்டோம்.

டெக்கை மாற்ற நான் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்றுதான்: கார்ட்ரிட்ஜை மாற்றவோ எடையைச் சரிசெய்யவோ விடாத டெக். சூட்கேஸ் ப்ளேயர் அந்த வகை. அதற்கு அப்கிரேடு கிடையாது, யாருக்காவது கொடுத்துவிடலாம். நண்பருடையது அப்படியில்லை. அதில் இருந்தது ஆடியோ டெக்னிகா விஎம்95சி, நீல முள். இந்தக் குடும்பத்தில் எல்லா முள்ளும் ஒரே உடலில் பொருந்தும், உருவிவிட்டு அடுத்ததைச் செருகினால் போதும். பச்சை முள் (95ஈ) எலிப்டிக்கல், பக்கவாட்டு ஆரம் 7.6 மைக்ரான். சிவப்பு முள் (95எம்எல்) மைக்ரோலைன், 3 மைக்ரான். மேலே போட்ட கணக்கில் 15 இருந்த இடத்தில் 3 போட்டுப் பாருங்கள்.

இதற்கும் முன்னால், காசே செலவாகாத சில காரியங்கள். நண்பர் எடையை 1.2 கிராமில் வைத்திருந்தார். "குறைச்சா தட்டு தேயாதுல்ல?" தேயும்ணா தேயும். இந்தக் கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லப்பட்டது 1.8 முதல் 2.2 கிராம். அதற்குக் குறைந்தால் உரத்த இடங்களில் முள் பள்ளச் சுவரை விட்டு எகிறி மறுபடி வந்து மோதும். ஒழுங்காக 2 கிராமில் உட்கார்ந்து போகிற முள்ளைவிட, 1.2 கிராமில் குதிக்கிற முள் தட்டைக் கெடுக்கும். நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு குட்டி டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்கு வருகிறது. கையின் பின்பக்கத்து எண்களை நம்பாமல் அதில் நிறுத்துப் பாருங்கள்.

அடுத்தது கோணம். டோன் ஆர்ம் ஒரு அச்சில் சுழல்வதால் தட்டு முழுக்க இரண்டு இடங்களில்தான் பள்ளத்துக்கு நேராக நிற்கும். பேர்வால்ட் கணக்குப்படி 66.0, 120.9 மி.மீ. ஸ்டீவன்சன் கணக்குப்படி 60.3, 117.4. பக்கத்துக்கு 22, 23 நிமிடம் அடைத்த கர்நாடக எல்பிகளில் பள்ளம் மையத்துக்கு வெகு அருகில் போய் முடிவதால் அவற்றுக்கு நான் ஸ்டீவன்சனையே வைக்கிறேன். ப்ரொட்ராக்டர் தாள் இலவசமாகக் கிடைக்கும். பிரிண்ட் போடும்போது 'தாளுக்குப் பொருத்து' என்பதை அணைத்துவிட்டு, வந்த தாளை இரும்பு ஸ்கேலால் அளந்து பாருங்கள். நான் முதல் தடவை அளக்காமல், நாலு சதவீதம் சுருங்கிய தாளை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தேன்.

மூன்றாவது, யாரும் பேசாத ஒன்று: கேபிளின் நீளம். விலை அல்ல, நீளம். மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சுருளும், கேபிள், ப்ரீஆம்ப் இவற்றின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வைக் கொடுக்கும். விஎம்95 சுருள் 550 மில்லிஹென்றி. மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 200 பிகோஃபாரட் என்றால் ஒத்ததிர்வு சுமார் 15 கிலோஹெர்ட்ஸில் விழும், தொந்தரவில்லை. 500 பிகோஃபாரட் ஆகிவிட்டால் 9.6 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அது 'ஸ' வாழும் வட்டாரம். அங்கே ஒரு மேடு எழும்பி, ஏற்கனவே கிழிகிற எழுத்தை இன்னும் தூக்கிக் காட்டும். நிறுவனமே 100 முதல் 200 பிகோஃபாரட் என்றுதான் சொல்கிறது. நண்பர் அலமாரி தூரமாக இருக்கிறது என்று மூன்று மீட்டர் கேபிள் போட்டிருந்தார், தடித்த, பளபளப்பான, விலையுயர்ந்த கேபிள். மீட்டருக்கு நூறு பிகோஃபாரட் சாதாரணமாக வரும். ப்ரீஆம்பை டெக்குக்குப் பக்கத்தில் வைத்து, முக்கால் மீட்டர் சாதாரண கேபிளைப் போடச் சொன்னேன். அந்த நீளக் கேபிள் ப்ரீஆம்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் இருக்கட்டும், அங்கே அதனால் கெடுதல் இல்லை.

ப்ரீஆம்ப்? ஒரு எளிய சோதனை. வழக்கமாகக் கேட்கும் ஒலியளவில் முள்ளைத் தூக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள். பிறகு பாட்டு தொடங்குமுன் இருக்கும் வெற்றுப் பள்ளத்தில் இறக்கிக் கேளுங்கள். இரண்டாவது இரைச்சல் தெளிவாகக் கூடுதல் என்றால், ப்ரீஆம்பின் இரைச்சல் உங்கள் பிரச்சினை இல்லை. ஆர்ஐஏஏ வளைவு 1954-லிருந்து இருக்கிறது, அதைச் சரியாகத் திருப்பிப்போடும் சர்க்யூட் இன்று ஒரு மலிவான ஆப்-ஆம்பிலேயே முடிகிற வேலை. என்னிடம் இருக்கும் இரண்டு ப்ரீஆம்புகளுக்கும் விலை ஆறு மடங்கு வித்தியாசம். ஒரே பாட்டை இரண்டிலும் பதிவு செய்து, ஒலியளவைச் சமன்செய்து, ஃபூபார்2000-இல் எது எதுவென்று தெரியாமல் கேட்டேன். காசு சுண்டிப் போட்டுச் சொன்ன மாதிரிதான் வந்தது. கோனிக்கல் முள்ளையும் மைக்ரோலைனையும் கடைசிப் பாட்டில் அதே மாதிரி வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்தது. என் காது, என் வீடு, ஆகவே பெரிய ஆதாரம் என்று சொல்ல மாட்டேன். நீங்களும் செய்து பார்க்கலாம் என்பதுதான் விஷயம்.

"காது போதும், சோதனை எதுக்கு" என்பவர்களுக்கு 2022 ஜூலையை ஞாபகப்படுத்தலாம். அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், மூல டேப்பிலிருந்து வருவதாக ரசிகர்கள் நம்பி வாங்கிய தட்டுகளில் பலவற்றை நடுவில் ஒரு டிஜிட்டல் கட்டம் வழியாகத்தான் வருஷக்கணக்கில் செய்துவந்தது என்பது அப்போது வெளியே தெரிந்தது. கேபிள் மாற்றினாலே காட்சி மாறுகிறது என்று எழுதியவர்கள் யாரும் அதுவரை காதால் கண்டுபிடிக்கவில்லை. இதைச் சொல்வது கிண்டலுக்கு இல்லை. தட்டுகள் அருமையாக ஒலித்தன என்பதும் உண்மைதான்.

இனி எந்தக் காசாலும் தீராத ஒன்று. நண்பருடைய எம்.எஸ். தட்டு ஒன்றில் தம்புரா அலைகிறது என்றார். மோட்டாரைச் சந்தேகப்பட்டார். டோன் ஆர்மைப் பாருங்கள் என்றேன். தட்டு சுற்றச் சுற்ற கை இடமும் வலமுமாக ஆடியது, 1.8 வினாடிக்கு ஒரு தடவை. நடுத்துளை மையத்தில் இல்லை. அரை மி.மீ. விலகினால் 100 மி.மீ. ஆரத்தில் சுருதி மேலும் கீழும் 0.5 சதவீதம் அலையும், உள்ளே 0.8 சதவீதம். மலிவு டெக்குகளின் வேகப் பிசகு 0.2 சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது, அந்த அளவீடு மெதுவான அலைச்சலைக் குறைத்தே கணக்கிடும். ஆனாலும் தம்புரா மாதிரி நின்று ஒலிக்கும் சுருதியில் இந்த மெதுவான அலைச்சல்தான் முதலில் காதில் படுகிறது. சினிமாப் பாட்டில் தாளக்கட்டுக்குள் மறைந்துவிடும், ஆலாபனையில் மறையாது. எண்பதுகளின் தொடக்கத்தில் நாகமிச்சி டிஎக்ஸ்-1000 என்ற ஜப்பானிய டர்ன்டேபிள் இதைத் தானாகவே அளந்து தட்டை நகர்த்திச் சரிசெய்தது. இன்று லட்சக்கணக்கில் விற்கும் டெக்குகளில் பெரும்பாலானவை இதைக் கண்டுகொள்வதே இல்லை.

பழைய தட்டுகளின் தேய்மானமும் உண்டு. அந்தக் காலத்து செராமிக் கார்ட்ரிட்ஜுகள் பல கிராம் எடையோடு, தேய்ந்த முள்ளோடு உழுத பள்ளங்கள் இவை. கோனிக்கல் முள் சுவரில் ஒரே உயரத்தில் தொடுவதால், பழைய முள் உழுத அதே தடத்தில் போகும். மைக்ரோலைன் செங்குத்தாக நீளமாகத் தொடும், தேயாத பகுதியும் கொஞ்சம் கிடைக்கும். அதனால் சில தட்டுகள் புதிதாகப் பிறந்த மாதிரி ஒலிக்கும். சில தட்டுகளில் காயம் இன்னும் துல்லியமாகக் கேட்கும். எது எப்படி என்று வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு முன் தட்டைக் கழுவுங்கள், டிஸ்டில்டு வாட்டர், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு, லேபிளில் ஈரம் படாமல். நாற்பது வருஷத் தூசியில் மூவாயிரம் ரூபாய் முள்ளும் ஒன்றுதான், முப்பதாயிரம் ரூபாய் முள்ளும் ஒன்றுதான்.

நண்பர் சிவப்பு முள், தராசு, சின்னக் கேபிள் மூன்றும் வாங்கினார். ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு முன்னப்பின்ன. போன வாரம் கூப்பிட்டார். இளையராஜா தட்டுகளில் கடைசிப் பாட்டு தெளிந்துவிட்டதாம், இரண்டைத் தவிர. அந்த இரண்டும்தான் அப்பா அதிகம் போட்டவை என்று அம்மா சொன்னாராம்.

"மிச்சக் காசுல ப்ரீஆம்ப்?" என்றார்.

வேண்டாம் என்றேன். எம்.எஸ். தட்டின் துளையை ரீமரால் அரை மி.மீ. அகலப்படுத்தி, கை ஆடாத இடம் பார்த்து உட்கார வைக்கலாம், ஆனால் அப்பாவின் தட்டில் கை வைக்க அவர் சம்மதிக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.