சாக்கெட்டின் ஓரத்தில்

கடையில் மதர்போர்டைக் காட்டும்போது விளக்குகளைத்தான் முதலில் காட்டுவார்கள். நான் பார்ப்பது பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் ஓரத்தை. பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை அங்குள்ள விஆர்எம் சுற்று சுமார் 1.3 வோல்ட்டுக்கு இறக்குகிறது. 100 வாட் கேட்கும் பிராசஸருக்கு அந்த மின்னழுத்தத்தில் 75 ஆம்பியருக்கு மேல் வேண்டும். வேகத்தைக் கூட்டி ஓவர்கிளாக் செய்தால் இன்னும் கூடும். அத்தனையும் விஆர்எம்மின் நகக்கண் அளவு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் வழியே ஓடினால் சூடாகாமல் என்ன செய்யும்?

2018-இல் வந்த எம்எஸ்ஐ பி450 டோமஹாக் மதர்போர்டு எனக்குப் பிடித்தது இதனால்தான். விலை அதிகமில்லை, வைஃபையும் கிடையாது. ஆனால் மாஸ்ஃபெட்கள் மேல் கனத்த ஹீட்சிங்க். காசை எங்கே போடவேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்த பலகை. சூடு தணிந்தால் பக்கத்துக் கெப்பாசிட்டர்களுக்கும் ஆயுள் கூடும். (இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாமே என்று ஏ320 சிப்செட் பலகை வாங்கினால் பிராசஸரை ஓவர்கிளாக் செய்யவே வழியில்லை.)

டோமஹாக்கின் பின்பக்கத்தில் ஒரு சிறு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் பிராசஸரே இல்லாமல் பென்டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கலாம். 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி கூட இதில் ஓடுகிறது. பயாஸ் சிப் 16 எம்பிதான். புதிய பிராசஸர்களுக்கு இடம் கொடுக்க, பயாஸ் மெனுவின் படங்களையும் அலங்காரத்தையும் கழற்றிவிட்டார்கள். அந்த மொட்டை மெனுதான் எனக்கு அழகு.