குளோன் வீரர்களின் விசுவாசமும் துரோகமும்: 'ஸ்டார் வார்ஸ்' கதைகளை முன்வைத்து

குளோன் வீரர்கள் என்போர் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படங்களிலும் அதன் அசைபடத் தொடர்களிலும் இடம்பெறும் படையினர். ஒரே மனிதனின் மரபணுவிலிருந்து படியெடுக்கப்பட்டு, போருக்காக மட்டுமே வளர்க்கப்பட்டவர்கள். குடியரசின் சார்பில் ஜெடாய் வீரர்களின் தலைமையில் மூன்றாண்டுகள் போரிடும் இவர்கள், 'ஆணை 66' பிறப்பிக்கப்பட்டதும் அதே ஜெடாய்களைச் சுட்டுக் கொல்கின்றனர். இந்தச் செயலைத் துரோகம் என்று அழைக்க முடியுமா என்பது இக்கதைகள் எழுப்பும் முக்கியமான கேள்வி.

அறிபுனைவில் செயற்கை மனிதர்களின் கதை பெரும்பாலும் கலகத்தில் முடிவது. மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' (1818) நாவலில் படைப்பு தன்னைப் படைத்தவனைப் பழிவாங்குகிறது. 1921இல் மேடையேறிய கரேல் சாப்பெக்கின் 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தில் ரோபோக்கள் மனித இனத்தையே அழிக்கின்றன. குளோன் வீரர்களின் கதை இந்த மரபுக்கு நேர் எதிரானது. இங்கே பேரழிவு கீழ்ப்படியாமையால் வரவில்லை, கீழ்ப்படிதலால் வருகிறது.

திரைப்படங்கள் தந்த விளக்கம்

'அட்டாக் ஆஃப் த குளோன்ஸ்' (2002) திரைப்படத்தில் இப்படை அறிமுகமாகிறது. கமினோ என்ற கடல்சூழ் கோளின் விஞ்ஞானிகள், ஜாங்கோ ஃபெட் என்ற கூலி வேட்டைக்காரனின் மரபணுவிலிருந்து வீரர்களை உருவாக்குகின்றனர். இயல்பான காலத்தில் பாதியிலேயே அவர்கள் முதிர்ச்சி அடைகின்றனர். எந்த ஆணையையும் கேள்வி கேட்காமல் ஏற்கும்படி அவர்களின் மரபணு திருத்தப்பட்டிருப்பதாக விஞ்ஞானிகள் பெருமையுடன் கூறுகின்றனர். ஜாங்கோ தனக்கெனக் கேட்டுப் பெற்ற போபா மட்டும் திருத்தப்படாதவன். அவன் மகனாக வளர்கிறான். மற்றவர்கள் சரக்காக எண்ணப்படுகின்றனர்.

'ரிவெஞ்ச் ஆஃப் த சித்' (2005) திரைப்படத்தில் தளபதி கோடி, ஓபி-வான் கெனோபி தவறவிட்ட ஒளிவாளைத் திருப்பித் தருகிறார். சிறிது நேரத்தில் ஆணை வருகிறது. அதே கோடி அவரைச் சுடச் சொல்கிறார். முகத்தில் தயக்கமோ வெறுப்போ இல்லை. அப்படம் இதற்கு மேல் விளக்கம் எதுவும் தரவில்லை. கீழ்ப்படியப் பழக்கப்பட்டவர்கள் கீழ்ப்படிந்தனர் என்பதே பார்வையாளர் கொள்ளக்கூடிய பொருள்.

சில்லு தீர்த்ததும் தீர்க்காததும்

2008இல் தொடங்கிய 'த குளோன் வார்ஸ்' தொடர் இந்த விளக்கத்தைப் போதாததாக்கியது. டேவ் ஃபிலோனியின் மேற்பார்வையில் உருவான இத்தொடரில் ஒவ்வொரு வீரனும் தனக்கென ஒரு பெயரையும், முடியலங்காரத்தையும், கவசத்தில் தீட்டிய வண்ணத்தையும் வைத்துக்கொள்கிறான். அனைவருக்கும் குரல் கொடுத்தவர் டீ பிராட்லி பேக்கர் என்ற ஒரே நடிகர். ஆனாலும் குரலின் ஏற்ற இறக்கத்திலேயே ரெக்ஸ், கோடி, ஃபைவ்ஸ் ஆகியோரைப் பிரித்தறிய முடிகிறது. இவ்வளவு தனித்தன்மை கொண்டவர்கள் ஒரு சொல்லுக்காக நண்பர்களைக் கொல்வார்கள் என்பதை நம்புவது கடினமானது.

2014இல் வெளியான ஆறாம் பருவம் இதற்கு ஒரு விடை தந்தது. ஒவ்வொரு வீரனின் மூளையிலும் பிறப்பிற்கு முன்பே ஒரு சில்லு பொருத்தப்பட்டிருக்கிறது. டப் என்ற வீரனின் சில்லு பழுதாகி, அவன் ஆணை வரும் முன்பே ஒரு ஜெடாயைக் கொன்றுவிடுகிறான். அதன் காரணத்தைத் தேடிச் செல்லும் ஃபைவ்ஸ் உண்மையைக் கண்டறிகிறான். வேந்தர் பால்பட்டீனைக் கொல்ல முயன்றதாகப் பழி சுமத்தப்பட்டு, இன்னொரு குளோன் தளபதியால் சுடப்பட்டு இறக்கிறான்.

சில்லு என்ற கருவி வீரர்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. அதற்கான விலையும் பெரிது. துரோகம் என்பதற்கு முதல் நிபந்தனை தேர்வு. தமிழில் செஞ்சோற்றுக் கடன் என்று சொல்லப்படும் விசுவாசத்திலும் தேர்வு உண்டு. உண்டவன் அக்கடனைத் தீர்க்க மறுத்திருக்கலாம். மறுக்காததால்தான் அது பெருமையாகிறது. சில்லு இயக்கும் கை விசுவாசமானதும் அல்ல, துரோகம் செய்ததும் அல்ல. ஆகவே ஆணை 66 வீரர்களைப் பொறுத்தவரை ஓர் ஒழுக்கச் சிக்கல் என்ற நிலையிலிருந்து ஒரு விபத்து என்ற நிலைக்கு இறங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

தேர்ந்து செய்த துரோகங்கள்

தொடரின் வலுவான அத்தியாயங்கள் சில்லுக்கு இடமில்லாதவை. 2009இல் வெளியான ஒரு கதையில் ஸ்லிக் என்ற படைத்தலைவன் எதிரிக்குத் தகவல் விற்கிறான். பிடிபட்டதும் அவன் சொல்லும் காரணம் பணம் மட்டுமல்ல. தன் சகோதரர்களை ஜெடாய்கள் அடிமைகளாக வைத்திருப்பதாக அவன் குற்றம் சாட்டுகிறான். ரெக்ஸும் கோடியும் அவனைக் கைது செய்கின்றனர். அவனுடைய செயலால் சகோதரர்களே இறந்திருப்பதால் அவன் நியாயம் சிதைகிறது. ஆயினும் குற்றச்சாட்டுக்குத் தொடரில் யாரும் நேரடியாக விடை அளிக்கவில்லை.

அடுத்த ஆண்டு வெளியான கதையில், காயமுற்ற ரெக்ஸ் ஒரு பண்ணை வீட்டில் தங்க நேர்கிறது. அங்கே இருப்பவன் கட் லாக்வேன், படையை விட்டு ஓடி மனைவி, பிள்ளைகளுடன் வாழும் குளோன். ரெக்ஸ் அவனை ஓடுகாலி என்று கண்டிக்கிறார். ஆனால் இரவில் இயந்திர வீரர்கள் தாக்கும்போது கட் தன் குடும்பத்திற்காகப் போரிடுவதைப் பார்க்கிறார். இறுதியில் அவனைக் காட்டிக்கொடுக்காமல் புறப்படுகிறார். கடமை தவறாத ரெக்ஸ் தாமாகச் செய்யும் முதல் பெரிய மீறல் இது. படைக்கு விசுவாசம், சகோதரனுக்கு விசுவாசம் ஆகிய இரண்டும் ஒன்றல்ல என்பது இங்கேதான் அவருக்குப் புலப்படுகிறது.

2011இல் நான்கு அத்தியாயங்களாக வந்த அம்பாரா கதை இதன் உச்சம். போங் கிரெல் என்ற ஜெடாய், வீரர்களைப் பெயர் சொல்லாமல் எண்களால் அழைக்கிறார். வெல்ல முடியாத தாக்குதல்களுக்கு அவர்களை அனுப்புகிறார். ஆணையை மீறி எதிரியின் விநியோகக் கப்பலை அழித்த ஃபைவ்ஸையும் ஜெஸ்ஸியையும் சுட்டுக்கொல்ல உத்தரவிடுகிறார். சுடும் அணியினர் அனைவரும் வேண்டுமென்றே குறி தவறுகின்றனர். பின்னர் எதிரிகள் குளோன் கவசம் அணிந்து வருவதாகப் பொய் சொல்லி, இரு குளோன் படைகளை ஒன்றையொன்று சுட வைக்கிறார் கிரெல். விழுந்தவர்களின் தலைக்கவசத்தைக் கழற்றும்போது வீரர்கள் காண்பது தங்கள் முகத்தையே.

கிரெல் சிறைப்பட்ட பிறகு அவரைச் சுட ரெக்ஸின் கை தயங்குகிறது. சுடுபவன் டாக்மா. அதுவரை ஆணையே வேதம் என்று நம்பி, சகோதரர்களை எதிர்த்தும் கிரெல்லின் பக்கம் நின்றவன் அவன். ஒரு ஜெடாய் தன் வீரர்களுக்குச் செய்த துரோகத்தையும், வீரன் ஒருவன் அதற்குத் தந்த எதிர்வினையையும் ஆணை 66 வருவதற்கு முன்பே தொடர் காட்டிவிடுகிறது. யார் முதலில் துரோகம் செய்தது என்ற கேள்வி இதனால் கூர்மையடைகிறது. அடிமைப் படையின் தலைமையைக் கேள்வியின்றி ஏற்ற ஜெடாய் அமைப்பும் பொறுப்பிலிருந்து தப்பவில்லை.

ஆணைக்குப் பின்

2020இல் வெளியான ஏழாம் பருவத்தில், அசோகா டானோவை வரவேற்க வீரர்கள் தங்கள் தலைக்கவசங்களில் அவருடைய முக அடையாளங்களைத் தீட்டிக்கொண்டு நிற்கின்றனர். அடுத்த அத்தியாயங்களில் அதே கவசங்களுடன் அவரைக் கொல்ல வருகின்றனர். ரெக்ஸ் ஆணையை எதிர்த்துச் சில நொடிகள் போராடி, ஃபைவ்ஸைத் தேடுமாறு அசோகாவிடம் சொல்கிறார். அவருடைய சில்லு அகற்றப்படுகிறது. அதன் பிறகு, தம்மைக் கொல்ல வரும் சகோதரர்களைக் கொல்ல மறுக்கும் அசோகாவின் முன் ரெக்ஸ் கண்ணீர் விடுகிறார். சில்லு விபத்தாகச் சுருங்காமல் தப்புவது இக்காட்சியால்தான். தேர்வு பறிக்கப்பட்டவர்களின் நடுவே தேர்வு திரும்பக் கிடைத்த ஒருவர் நிற்கிறார். அதன் முழுச் சுமையும் அவர்மேல் விழுகிறது.

'த பேட் பேட்ச்' (2021–2024) தொடர் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. கிராஸ்ஹேர் தன் அணியை விட்டுப் பேரரசுடன் சேர்கிறான். சில்லு தன்னிடம் வெகு முன்பே அகற்றப்பட்டுவிட்டதாக அவனே சொல்லும்போது, சகோதரர்கள் வைத்திருந்த கடைசிச் சமாதானமும் போய்விடுகிறது. இது தேர்ந்தெடுத்த துரோகம். அதனாலேயே அவன் மனம் மாறுவதற்கும் பொருள் இருக்கிறது. பேரரசு வீரர்களைத் தேய்ந்த கருவிகளாக ஒதுக்குவதைக் கண்டு, தன் அதிகாரியைச் சுட்டு, படிப்படியாகத் திரும்பி வருகிறான். திரும்பியவனைச் சகோதரர்கள் உடனே நம்பிவிடவில்லை என்பது தொடரின் நேர்மை.

மதிப்பீடு

இக்கதைகள் சிறுவர்களுக்கான விண்வெளிச் சாகசம் என்ற அளவில் தொடங்கியவை. சில இடங்களில் சில்லு ஒரு வசதியான தப்பிப்பாகவே பயன்படுகிறது. அடிமைத்தனம் குறித்து ஸ்லிக் எழுப்பிய கேள்வியை முழுமையாக எதிர்கொள்ளத் தொடர் தயங்குகிறது. ரெக்ஸும் கோடியும் ஃபைவ்ஸும் மதிப்பிற்குரிய வீரர்களாக நினைவில் நிற்பதற்கு அவர்களின் கீழ்ப்படிதல் காரணமல்ல. கட்டைக் காட்டிக்கொடுக்காத ரெக்ஸ், கிரெல்லின் ஆணையை மீறிய ஃபைவ்ஸ், பேரரசின் பணியைக் கைவிட்டு வெளியேறிய கோடி ஆகிய மூவரும் ஆணையை மீறிய தருணத்தில்தான் தனிமனிதர்களாகின்றனர். ஒரே முகம் கொண்ட பல லட்சம் பேரை வேறுபடுத்திக் காட்டத் தொடருக்குக் கிடைத்த உறுதியான வழி அதுவே.