ரத்னவேலை வெட்டி எடுத்தது யார்?

(முன்குறிப்பு: கும்பளங்கி நைட்ஸ், ஜோஜி, மாமன்னன் மூன்றின் முடிவும் இதில் வருது. பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க. கட்டுரை எங்கேயும் ஓடிப் போகாது.)

ஒரு நடிகர் மேல கிறுக்குப் பிடிச்சவன் விமர்சனம் எழுதக்கூடாதுன்னு நம்மூர்ல ஒரு எழுதப்படாத விதி இருக்கு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஃபகத் ஃபாசில் மேல் எனக்கு ஒரு கிரஷ் உண்டு. நாற்பதைத் தாண்டிய, தினமும் காலையில் டீம் மீட்டிங் நடத்துற ஆளுக்கு இந்தச் சொல் பொருந்துமான்னு கேட்டால், வேற நல்ல சொல் கிடைக்கலை. 'அபிமானம்' என்பதில் கோயில் வாசனை அடிக்குது. 'ரசிகன்' என்றால் கட்-அவுட் மேல பால் குடத்தோட ஏறணும். நான் சோபாவை விட்டே எழுந்திருக்கலை.

விஷயமே அந்த சோபாதான். 2020 மார்ச்சில் தியேட்டர்களை மூடினாங்க. அந்த செப்டம்பரில் 'சீ யூ சூன்' நேராக பிரைமில் வந்தது. மகேஷ் நாராயணன் இயக்கம், ஊரடங்குக்கு நடுவிலேயே எடுத்த படம், முழுக்க முழுக்க ஃபோன் திரையும் கம்ப்யூட்டர் திரையும்தான். அதில் ஃபகத் ஒரு கம்ப்யூட்டர்காரன். கலைஞ்ச தலையோட ஸ்கிரீன் முன்னாடி உட்கார்ந்து அடுத்தவர் லாகின்களைத் தோண்டிக்கிட்டு இருக்கிறவன். நானும் அதே கோலத்தில், அதே மாதிரி ஒரு ஸ்கிரீன் முன்னாடிதான் இருந்தேன். தியேட்டரில் நடிகரின் முகம் ஒரு மாடி உயரம் இருக்கும், அண்ணாந்துதான் பார்க்கணும். லேப்டாப்பில் அது நம்ம முகத்தின் அளவுக்கே இருக்கு, ஒரு கை தூரத்தில். எதிரில் ஒருத்தர் உட்கார்ந்து பேசுற மாதிரி. எம்.ஜி.ஆருக்கோ ரஜினிக்கோ நம்ம வீட்டுப் பெரியவங்க வைத்திருந்த அன்புக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இந்த உயரம்தான்னு எனக்குத் தோணுது.

1956-லேயே டொனால்ட் ஹார்டன், ரிச்சர்ட் வோல் என்று ரெண்டு பேர் வானொலி, தொலைக்காட்சி பற்றி ஒரு கட்டுரை எழுதினாங்க. தினமும் வீட்டுக்குள்ள வந்து பேசுற முகத்தோட நமக்கு ஏற்படுற ஒருவழி நெருக்கத்துக்கு அவங்க ஒரு பெயரே வைத்தாங்க. இன்றைக்கு 'பாராசோஷியல்' என்று எல்லாரும் சொல்றாங்களே, அந்தச் சொல் அங்கேயிருந்து வந்ததுதான். ஆக, நோய் பழசு. பத்து விநாடி பின்னால் போகும் பொத்தான்தான் புதுசு.

அந்தப் பொத்தான் இல்லாமல் ஃபகத்தைப் புரிஞ்சுக்க முடியுமான்னே எனக்குச் சந்தேகம். 2002-ல் அப்பா பாசில் இயக்கிய முதல் படம் ஓடலை. ஆள் அமெரிக்காவுக்குப் படிக்கப் போயிட்டார். 2009-ல் 'கேரளா கஃபே'யில் திரும்பி வந்தபோது வந்தது வேற ஆள். என்ன மாறியது? முகத்தில் குறைவாகச் செய்யக் கத்துக்கிட்டார். 'தொண்டிமுதலும் திருக்சாட்சியும்' எடுத்துக்கோங்க. பஸ்ஸில் ஒரு பெண்ணின் தாலிச் சங்கிலியை அறுத்து விழுங்கிடுறான். போலீஸ் ஸ்டேஷனில் பெயர் கேட்டால் பிரசாத் என்கிறான், சங்கிலியைப் பறிகொடுத்தவளின் புருஷன் பெயரும் அதுதான். பொய்யா நிஜமா? அவன் கண்ணைப் பார்த்தால் ஒரு தடவை பொய், அடுத்த தடவை நிஜம். அந்தப் படத்துக்குத்தான் துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. "திரும்பவும் அதே சீனா? கண் சிமிட்டுறதை எண்ணிக்கிட்டு இருக்கீங்களா?" என்று வீட்டில் கேட்டாங்க. எண்ணலை. ஆனா எந்தப் படத்தில் எத்தனையாவது நிமிஷத்தில் சிரிக்காமலே சிரிக்கிறார்னு ஒரு ஷீட் வைத்திருக்கேன். யாருக்கும் காட்டினதில்லை.

கிரஷ் இல்லாத ஒருத்தன் இந்த வேலையைச் செய்வானா? மாட்டான். அதனால்தான் சொல்றேன், இந்தக் கிறுக்கு விமர்சனத்துக்கு எதிரி இல்லை, அதுதான் முதல் படி. ஒருத்தரை ஆசையாகப் பார்க்கிறவன்தான் கூர்ந்து பார்க்கிறான்.

கதை இதோட முடிஞ்சிருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டாம். 2023 ஜூலை கடைசியில் 'மாமன்னன்' நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது.

ஜூன் 29-ல் படம் தியேட்டரில் வந்தபோது பேச்செல்லாம் வடிவேலுவைப் பற்றித்தான் இருந்தது. அந்த மனுஷன் இப்படி நடிப்பாரான்னு ஊரே அசந்தது. வீட்டுத் திரைக்கு வந்த சில நாட்களில் எல்லாம் தலைகீழ். ஃபகத் நடித்த ரத்னவேலின் நடை, முறைப்பு, வெள்ளைச் சட்டை எல்லாத்தையும் துண்டு துண்டாக வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டைப் பின்னணியில் ஒட்டி, ஆளாளுக்குப் பரப்பினாங்க. அதுவும் ஒரே சாதிக்காரங்க இல்லை. படத்தில் ரத்னவேலுக்குச் சாதிப் பெயர் கிடையாது. அதனால் வெவ்வேறு சாதிக்காரங்க அவரவர் பாட்டைப் போட்டு "எங்க ஆளு" என்று உரிமை கொண்டாடினாங்க. எங்க தொழில் பாஷையில் சொன்னால், ரத்னவேல் ஒரு டெம்ப்ளேட் ஆயிட்டான். காலி இடத்தை யாரும் நிரப்பிக்கலாம்.

அவன் யார்? பந்தயத்தில் தோற்றதுக்காகத் தான் வளர்த்த நாயையே அடித்துக் கொல்றவன். எம்.எல்.ஏ.வாகவே ஆனாலும் மாமன்னன் தன் முன்னால் நாற்காலியில் உட்காரக்கூடாது என்கிறவன். அவனைக் கொண்டாடினது ஏதோ நகைச்சுவை மீம் இல்லை. இதே ஊர்ல இன்னமும் தனிக்குவளை வழக்கு வருது, சாதி மாறிக் கல்யாணம் பண்ணினவங்க வெட்டுப்படுறாங்க. அந்த வீடியோக்களைப் பார்க்கிற பையன் எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தக் கயிறு கட்டிக்கிட்டுப் போறான் என்பதெல்லாம் இதோட சேர்ந்த விஷயம்.

அப்போ ரெண்டு விளக்கம் ஓடினது. ஒன்று, ஃபகத் நல்லா நடித்துத் தொலைச்சிட்டார், மோசமான நடிகரைப் போட்டிருந்தால் இந்தப் பிரச்சனையே வந்திருக்காது. இது பேச்சே இல்லை. இன்னொன்று, சாதிவெறியன் எதைக் கொடுத்தாலும் தனக்கு ஏத்த மாதிரி வெட்டிக்குவான், படத்துக்கு இதில் பங்கே இல்லை. இதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு 2019-க்குப் போகணும்.

'கும்பளங்கி நைட்ஸ்' ஷம்மியும் வில்லன்தான், அதே ஃபகத்தான், அவனுக்கும் மீசைதான் கௌரவம். கண்ணாடியில் ஒட்டியிருக்கிற பொட்டைச் சவர பிளேடால் சுரண்டி எடுத்துட்டுத் தன்னையே ரசிக்கிறான். அவனையும் நிறைய பேர் கிளிப் போட்டாங்க. ஆனா ஷம்மியைத் தலைவனாக்க முடியலை. சிரிப்புதான் வருது. ஏன்னா, அவனை அந்தப் படம் ஒரு வீட்டுக்குள்ள, ரெண்டு பெண்களின் கண் வழியாகக் காட்டுது. அவன் சிரித்தால் மேஜையில் மற்றவங்க கை எப்படி நின்னு போகுது என்பதையும் சேர்த்துக் காட்டுது. கடைசியில் தங்கச்சியிடம் மரியாதையாகப் பேசச் சொல்லி அவன் மனைவி சிம்மி வாயைத் திறக்கிறாள். ஷம்மி போய்ச் சுவர் மூலையைப் பார்த்து நிற்கிறான். அப்புறம் மீன் வலையைப் போட்டு அமுக்கிறாங்க. மீன் வலைக்குள்ள மாட்டினவனுக்கு என்ன பாட்டு போட்டாலும் எடுபடாது.

'ஜோஜி'யிலும் இதே கதைதான். அப்பனைக் கொன்றவன் அழுத முகத்தைச் செட் பண்ணிக்கிட்டு இருக்கான். அண்ணி பின்சி, மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு வா என்கிறாள். அவ்வளவுதான், அந்த ஒரு வாக்கியத்தில் இவனோட நடிப்பு மொத்தமும் காலி. முடிவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அசையாமல் கிடக்கிறான். இமை மட்டும்தான் மிச்சம். ஃபகத்தின் கண்ணை வைத்து இதைவிடக் கொடூரமாக யாரும் விளையாடினதில்லை.

இப்போ ரத்னவேல் வீட்டைப் பாருங்க. அவன் மனைவியாக வர்றது ரவீனா ரவி. எத்தனையோ தமிழ்ப்பட நாயகிகளுக்குக் குரல் கொடுத்தவர். அவருக்குப் படத்தில் பேச்சே கிட்டத்தட்ட கிடையாது. ஆதிக்கக்காரன் வீட்டில் பெண் பேச முடியாது என்று காட்டத்தான் மாரி செல்வராஜ் அப்படி வைத்திருப்பார், அது புரியுது. ஆனா அதோட விளைவு, ரத்னவேலைப் பார்த்து உள்ளேயிருந்து சிரிக்க ஒருத்தர்கூட இல்லை. அவனுக்குக் கட்சி போகுது, அந்தஸ்து போகுது, தேர்தலில் தோற்கிறான். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு தனிமையான க்ளோசப். பின்னால் ரஹ்மான் இசை. பந்தயமும் நாயுமாக ஒரு சோகம்கூட அவனுக்குக் கிடைக்குது. ஒரு மலையாளப் படம் இந்த நடிகனைச் சுத்தி வலையைப் போட்டது. இங்கே ஃபிரேமில் அவனைத் தனியாக விட்டுட்டாங்க. தனியாக நிற்கிற உருவத்தை வெட்டி எடுக்கிறது சுலபம். போட்டோ எடிட் பண்றவங்களைக் கேட்டால் சொல்வாங்க.

படத்தின் நோக்கத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அதைச் சொல்ல மாரி செல்வராஜைவிடத் தகுதியான ஆளும் இப்போ இல்லை. எடிட்டிங் மேஜையில் வில்லன் மேல் வைத்த பிரியம் கொஞ்சம் கூடிப்போச்சு என்பதுதான் என் புகார். அவருக்கும் ஃபகத் மேல ஒரு கிரஷ் இருந்திருக்கும்னு நினைக்கிறேன். அந்த விஷயத்தில் நான் அவரைக் குறை சொல்லவே முடியாது.

லாரா முல்வி 2006-ல் எழுதின புத்தகத்தில், வீட்டில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவனை உடைமையாக்கும் பார்வையாளன் என்கிறார். பிடித்த முகத்தைக் கதையிலிருந்து பிரித்துத் தன்னோட வைத்துக்கிறவன். என் ஷீட்டும் சாதிக்காரன் போட்ட வீடியோவும் ஒரே பொத்தானில்தான் தொடங்குது. அவன் வெட்டின இடத்தில் நிறுத்திட்டான். பத்து விநாடி முன்னால் யார் இருந்தாங்க, பின்னால் யார் இருந்தாங்கன்னு அவனுக்கு வேண்டாம்.

ஒரு வேடிக்கை சொல்றேன். 'மகேஷின்ட பிரதிகாரம்' தமிழில் 'நிமிர்' ஆனபோது ஃபகத் வேஷத்தைப் போட்டவர் உதயநிதி ஸ்டாலின். 'மாமன்ன'னில் அதே ஃபகத்துக்கு எதிரே அப்பாவை உட்காரச் சொல்லி நிற்கிறவரும் அவர்தான். அந்த நாற்காலி சீனைப் போட்டுப் பாருங்க. ஃபகத் வரும் ஷாட்டை எல்லாம் தள்ளிட்டு, வடிவேலு ஷாட்டை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்க. உட்காருப்பான்னு மகன் சொல்றான். ஒரு எம்.எல்.ஏ.வின் உடம்பு, அந்த நாற்காலிக்கும் தரைக்கும் நடுவில், எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாமல் நிற்குது. படத்தின் முடிவில் அதே ஆள் சபாநாயகர் நாற்காலிக்கு வர்றார், சட்டசபையே எழுந்து நிற்குது. வடிவேலு கையை என்ன செய்கிறார்னு கவனிங்க. என் ஷீட்டில் அவருக்கும் ஒரு பக்கம் திறந்தாச்சு.